மச்சான் மறித்த லாரி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்றிருந்தால் என்னைப் பார்த்திருப்பீர்கள். செப்டிக் டேங்க் லாரியின் முன்பக்கம், டிரைவருக்கும் என் மச்சானுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தேன்.

'இந்த ஆளு வாராவாரம் எழுதுறவரு மாதிரி இருக்கே...' என்று யாருக்காவது சந்தேகம் வந்திருந்தால், சந்தேகமே வேண்டாம். நானேதான்.

எழுதுகிறவனுக்கு அந்த லாரியில் என்ன வேலை? அதைத்தான் சொல்ல வருகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் முடித்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது திருச்சுழிப் பக்கம், குண்டாற்றங்கரையில் ஒரு கிராமத்தில். ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று அக்கா கண்டிஷன் போட்டிருக்கிறாள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மச்சானுக்குப் பெயர் சௌந்தரபாண்டி. தொழில், ரேடியோ செட். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். சௌந்தரபாண்டி என்ற பெயரை ஊர் சுருக்கி 'சவுண்டு பாண்டி' ஆக்கிவிட்டது. பொருத்தமான பெயர். மனிதர் மைக்கில் பேசிப் பேசி, வீட்டிலும் அறிவிப்பு பாஷையிலேயே பேசுவார். காபி வேண்டும் என்றால் கேட்க மாட்டார்.

"ராசேஸ்வரி எங்கிருந்தாலும் காபியுடன் உடனடியாக வாசலுக்கு வரவும்!"

அக்கா அடுப்படியில்தான் இருப்பாள். எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம்.

இப்போது ஆற்றைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் பக்கத்து ஆற்றில் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் கொடுப்பினை வேண்டும். மழைக்காலத்தில் நாலு நாள் ஓடும். மற்ற நாளெல்லாம் மணல், சீமைக் கருவேலம், வெள்ளாடு. வெளியூர்க்காரர் ஒருவர் பாலத்தில் பைக்கை நிறுத்தி, "இங்க குண்டாறு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டாராம். "அது மேலதான் நிக்கீக" என்றார்களாம்.

ஆனால் மணலுக்குக் கீழே சங்கதி வேறு. அங்கே ஊற்று இருக்கிறது. ஊருக்குள் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலை குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரி நிற்கும். அதனால் ஆற்று மணலுக்குள் உறை இறக்கி ஒரு கிணறு போட்டிருக்கிறார்கள். மொத்த ஊருக்கும் குடிக்க, சமைக்க அந்த ஒரே கிணறுதான். மற்ற ஊர்களில் 'தண்ணீர்' என்றால் தண்ணீர். எங்கள் பக்கம் மட்டும்தான் 'நல்ல தண்ணி' என்று பட்டம் கொடுத்துக் கூப்பிடுகிறோம்.

அந்த நல்ல தண்ணி கெட்டுப்போனது.

முதலில் கண்டுபிடித்தது முத்துலட்சுமி. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிற பெண். ஒருநாள் காலையில் டீ குடித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "என்ன தாயி, டீயில ஒரு மாதிரி வாடை வருது?" முத்துலட்சுமி பால்காரரை மாற்றிப் பார்த்தாள். டீத்தூளை மாற்றினாள். பாய்லரைப் புளி போட்டுத் தேய்த்தாள். வாடை போகவில்லை. இஞ்சியைத் தட்டிப் போட்டு 'ஸ்பெஷல் டீ' என்றாள். ரெண்டு நாளைக்கு வியாபாரம்கூட நன்றாக நடந்தது என்பதுதான் கொடுமை.

மூன்றாம் நாள் அவள் மகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை துணி மாதிரி துவண்டுவிட்டது. திருச்சுழி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, டிரிப் ஏற்றினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தண்ணிம்மா குடிக்கிறீங்க?"

பக்கத்துக் கட்டிலில் அதே ஊர்ப் பையன். அதற்கடுத்த கட்டிலில் அவனுடைய பாட்டன். ஊர்க்கூட்டம் போடாமலே ஊர் கூடிவிட்டது.

திரும்பி வந்ததும் முத்துலட்சுமி டீக்கடையைத் திறக்கவில்லை. நேரே ஆற்றுக்குள் இறங்கினாள். கிணற்றுக்கு மேற்கே, கருவேலங் காட்டுக்குள் லாரி டயர் தடம். தடம் முடிகிற இடத்தில்... வேண்டாம். சாப்பாட்டுக்காரர்கள் சிலர் முடிக்காமலே வந்திருப்பீர்கள். செப்டிக் டேங்க் லாரி என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

ஆடு மேய்க்கிறவர்களை விசாரித்ததில், லாரி வருவது ராத்திரியில் அல்ல என்று தெரிந்தது. பட்டப்பகலில். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், வெயிலுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக் கண் அசருகிற நேரம் பார்த்து வருகிறது. நாய்கூடக் குரைக்காத நேரம். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

மச்சான் விடுவாரா? கொதித்தெழுந்தார். மறுநாளே லோடு ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பிவிட்டார்.

"ஊர்ப் பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! டவுனுக்காரன் வீட்டுக் கழிவை நம்ம ஆத்துல கொட்டுறான்! இதுக்கு யாரு காரணம்? டவுனுக்காரன்! இதைத் தடுக்க வேண்டியது யாரு? நாம!"

இடையிடையே 'ஹலோ, மைக் டெஸ்டிங்' வேறு. அதற்கு என்ன அவசியம் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கும் போன் வந்தது. "மாப்ள, ஞாயித்துக்கெழம லாரியை மறிக்கிறோம். நீ கட்டாயம் வரணும். கண்ணால பாத்து எழுதணும். டவுனுக்காரன் மானம் கப்பலேறணும்."

"நானும் டவுனுக்காரன்தானே மச்சான்?"

"அதான் உன்னய முன்னாடி நிறுத்தப் போறேன்."

ஞாயிறு காலையில் போய் இறங்கினேன். வீட்டில் அடுத்த வாரம் பேரனுக்குக் காதுகுத்து. பந்தல்காரர், சமையல்காரர் என்று ஆள் வருவதும் போவதுமாக இருந்தது. அக்கா தனியாளாக அல்லாடிக்கொண்டிருந்தாள். மச்சானோ பேட்டரியைச் சார்ஜ் போட்டுக்கொண்டும் ஒயரைச் சுருட்டிக்கொண்டும் போருக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வீட்டு விசயம் ஒண்ணு பேசணும்" என்றாள் அக்கா.

"ம்... பாத்துச் செய்யி" என்றார் மச்சான், ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னன்னே இன்னும் சொல்லலையே!"

"அதான் பாத்துச் செய்யின்னுட்டேன்ல. ஊரே தண்ணிக்குத் தவிக்கிது. இப்ப வந்து வீட்டு விசயம்கிறே."

அக்கா என்னைப் பார்த்தாள். "மைக்குல சொன்னாத்தான் இவுக காதுல ஏறும்போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெயில் ஏறுவதற்கு முன்பே ஆற்றுக்குள் இறங்கிப் பதுங்கிவிட்டோம். மச்சானும் நானும் கருவேல மரத்துக்குப் பின்னால். முத்துலட்சுமியும் பெண்களும் காலிக் குடத்தோடு பாலத்துத் தூண் மறைவில். லோடு ஆட்டோ கரையில், குழாய் ஸ்பீக்கர் இரண்டும் ஊரைப் பார்த்து. லாரி வந்ததும் மச்சான் மைக்கில் குரல் கொடுப்பார், தூங்குகிற ஊர் எழுந்து ஓடிவரும் என்பது ஏற்பாடு.

கருவேல மர நிழலைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? அதில் நிழல் கால்வாசி, முள் முக்கால்வாசி. நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒரு புதுவிதமான ஆசனத்தில் இருந்தேன். தூண் மறைவிலிருந்து முறுக்குக் கடிக்கிற சத்தம் வந்தது. "உஷ்!" என்றார் மச்சான், ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி.

உச்சி வெயில் சாய்ந்த நேரம்... உறுமல் கேட்டது.

லாரிதான். சரிவில் மெல்ல இறங்கி, பழகின மாடு தொழுவத்துக்குப் போகிற மாதிரி நேரே அந்தக் கருவேலங் காட்டுக்குள் வந்து நின்றது. டிரைவர் இறங்கினான். முப்பது வயசு இருக்கும், ஒல்லியான ஆள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பின்னால் போய் ஹோஸைக் கழற்றி இழுத்தான்.

மச்சான் மைக்கை ஆன் செய்தார்.

"நில்லு! அசையாதே! நீ சுற்றி வளைக்கப்பட்டிருக்கிறாய்!"

ரெண்டு குழாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது அந்தக் குரல். பாலத்து மேலிருந்த காக்கா அத்தனையும் கலைந்தது. டிரைவர் அலறிப்போய் ஹோஸைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டு நொண்டினான். வெள்ளாடுகள் நாலு பக்கமும் தெறித்து ஓடின. ஒன்று என்மேல் ஏறித்தான் ஓடியது.

பெண்கள் குடத்தோடு ஓடிவந்து லாரியைச் சுற்றி நின்றார்கள். ஊருக்குள் கதவு திறக்கிற சத்தம். மச்சான் மைக்கைப் பிடித்தபடி, ஜெயித்த வேட்பாளர் மாதிரி நடந்து வந்தார். விசாரணை ஆரம்பம்.

இந்த இடத்தில் மச்சானின் தொழில்பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டில் மொய் வைத்தவரை, தாய்மாமனை எல்லாம் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை அவர்கள் வாய்க்கு நேரே நீட்டுவார். அது அவர் கைக்குப் பழகிப்போன காரியம். கேள்வி கேட்டால் மைக் தானாக எதிராளி வாய்க்குப் போய்விடும்.

"உன் பேரு என்னலே?"

மைக் போனது. "கா... காளிண்ணே." காளிண்ணே, காளிண்ணே என்று ஆறு முழுக்க எதிரொலித்தது.

"ஆத்துல கொட்ட வந்தியா?"

"தண்ணிதான் ஓடலையேண்ணே... சும்மா கெடக்குற எடம்னு..."

"சும்மா கெடக்குற எடமா! கேட்டீகளா மக்களே! இது எந்த டவுனு லோடு? அருப்புக்கோட்டை லோடா?"

"இல்லண்ணே."

"வேற எங்கிட்டு லோடு? மதுரை லோடா?"

"டவுனு லோடு இல்லண்ணே..."

"பின்னே எந்தப் பாவி வீட்டு லோடு? பயப்படாமச் சொல்லு. ஊருக்கே கேக்கட்டும்!"

காளி மச்சானை உற்றுப் பார்த்தான். அவருக்குப் பின்னால் கரையில் நிற்கிற லோடு ஆட்டோவைப் பார்த்தான். அதில் 'சௌந்தர் சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதியிருந்தது. அவன் முகம் மாறியது.

"அண்ணே... ஒங்க வீட்டு லோடுதாண்ணே."

மைக் அவன் வாய்க்கு நேரே இருந்தது.

"வாசல்ல இதே பேருல போர்டு தொங்குச்சுண்ணே. காதுகுத்து வீடுதானே? இப்பத்தாண்ணே எடுத்துட்டு வாரேன். அக்கா மோருகூடக் குடுத்தாக."

மோரு கூடக் குடுத்தாக... குடுத்தாக... என்று குழாய் ஊருக்குச் சொன்னது.

 ஸ்பீக்கர் 'கூய்ய்ங்' என்று ஒரு முறை கூவியது. மச்சான் மைக்கை ஆஃப் செய்தார். என் பார்வைக்கு அவர் ஒரு சாண் குட்டையாகிவிட்ட மாதிரி இருந்தது.

கரையிலிருந்து அக்கா ஓடிவந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் கரண்டியோடு.

"அறிவுகெட்டவளே, இந்த லாரியையா கூப்பிட்டே?" என்றார் மச்சான் அடிக்குரலில்.

"எந்த லாரின்னு எனக்கு என்ன தெரியும்? போஸ்ட்டுக் கம்பத்துல நம்பர் ஒட்டியிருந்துச்சு, போன் பண்ணுனேன். காதுகுத்துக்கு ஊருப்பட்ட ஆளு வாராக. தொட்டி நெறஞ்சு கெடக்கு. ஒரு வாரமாச் சொல்ல வாரேன், காது குடுத்தீகளா? இன்னிக்குக் காலையிலகூட 'பாத்துச் செய்யி'ன்னீக. செஞ்சேன்!"

"டவுனு லோடுன்னுல்ல நெனச்சோம்..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நம்ம வீட்டுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போறவன் நம்ம ஊரு ஆத்துலயே கொட்டுவான்னு யாரு கண்டா? எங்கிட்டோ தூரமாக் கொண்டு போவாகன்னு பாத்தேன்."

அந்த 'எங்கிட்டோ தூரமா' என்ற வார்த்தையைக் கேட்டதும் கூட்டத்தில் பலபேர் கீழே மணலைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுத் தொட்டிகளும் போன வருஷம், இந்த வருஷம் என்று காலியானவைதான். எங்கே போனதாம்?

காளிக்கு இப்போது கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. விசாரிக்கிறவர் வீட்டு லோடே என்று ஆகிவிட்டதல்லவா?

"அப்ப... கொட்டிரவாண்ணே?" என்று மரியாதையாகக் கேட்டான்.

முத்துலட்சுமி குடத்தைக் கீழே போட்டாள். நேரே போய் அந்த ஹோஸின் மேல் உட்கார்ந்தாள். பிறகுதான் பேசினாள்.

"எம்மவ கையில ஊசி குத்துன எடம் இன்னும் கன்னிப்போயிக் கெடக்கு. பாண்டியண்ணே, நீங்களே சொல்லுங்க. டவுனு லோடுன்னா விசம். ஒங்க வீட்டு லோடுன்னா சந்தனமா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஒரு வெள்ளாட்டைப் பார்த்தேன். வேறு என்ன செய்வது? இந்த மாதிரி நேரத்தில் மச்சினன்மாருக்கு ஆடுதான் துணை.

மச்சான் திரும்பினார். கிணற்றைப் பார்த்தார். முத்துலட்சுமி பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த காலிக் குடத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ... மைக்கை மறுபடி ஆன் செய்தார்.

"ஊர்ப் பொதுமக்களின் கவனத்திற்கு."  தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப நீங்க கேட்டது நெசம்தான். லோடு எங்க வீட்டு லோடு. ராசேஸ்வரி மேல தப்பு இல்ல. அவ சொன்னதைக் காது குடுத்துக் கேக்காதது நான். டவுனுக்காரன், டவுனுக்காரன்னு நாலு தெருவுலயும் கத்துனதும் நான்தான். இந்த லோடு இங்க எறங்காது. நானே கூடப் போயி, எங்க கொட்டணுமோ அங்க கொட்டிட்டு வாரேன்."

நாற்பது வருஷமாக மற்றவர்களுக்காக அறிவிப்புச் செய்த மனிதர். அவருக்காக அவர் செய்த முதல் அறிவிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.  அக்கா கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

சரி, கொட்ட வேண்டிய இடம் எது? அது காளிக்குத் தெரிந்திருந்தது. டவுனுக்கு அந்தப்புறம் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. "போகலாம்ணே. ஆனா போயிட்டு வந்தா இன்னிக்கு வேற நடை அடிக்க முடியாது. டீசலும் கூட ஆகும். அதான்..." என்று தலையைச் சொறிந்தான்.

"ஏறு" என்றார் மச்சான். அவனிடம் இல்லை. என்னிடம். "நீதான மாப்ள கண்ணால பாத்து எழுதணும்?"

அப்படித்தான் நான் அந்த லாரியில் ஏறினேன்.

லாரிப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பின்னால் 'களுக்' என்று ஒரு சத்தம் வரும். அப்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். பழகிய காளிகூடப் பிடித்துக்கொண்டான். ஜன்னலைத் திறந்தால் ஒரு பிரச்சினை, மூடினால் வேறொரு பிரச்சினை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிராபிக்கில் சிக்கிக்கொண்டோம். பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. எம்.ரெட்டியபட்டிக்காரர். மகள் கல்யாணத்துக்கு மச்சானிடம் ரேடியோ செட் சொல்லி வைத்திருக்கிறவர். மச்சான் துண்டால் முகத்தை மூடினார். பலிக்கவில்லை.

"என்ன பாண்டி, தொழிலை மாத்திட்டீகளா?"

"இல்ல அண்ணாச்சி" என்றார் மச்சான் துண்டுக்குள்ளிருந்து. "இது சொந்த வேலை."

ஒருவழியாகச் சுத்திகரிப்பு நிலையம் வந்து சேர்ந்தோம். அங்கே பொறுப்பில் இருந்தது இளம்வயதுப் பெண் ஒருவர். டிரைவரைத் தவிர இன்னும் ரெண்டு பேர் இறங்குவதைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க யாரு சார்?"

மச்சான் யோசித்தார். என்ன சொல்வது? "லோடு ஓனருங்க" என்றார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "லாரி வரும் சார். லோடோட ஓனர் வந்து நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லை!" என்று சொல்லி, எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினார். இந்தத் தொட்டியில் கசடு தங்கிவிடும். அந்தப் பாத்தியில் காயும். பிரிந்த தண்ணீர் ஜல்லிக் கற்களுக்குள்ளும் கல்வாழைச் செடிகளின் வேருக்குள்ளும் புகுந்து வரும். கடைசியில் வருவதைச் செடிகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். குடிக்கிற தண்ணீர் இல்லைதான். ஆனால் வாடை கிடையாது. கல்வாழை மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் கிடந்தது. எங்கள் வறண்ட பூமியில் அவ்வளவு செழிப்பான பூவை நான் பார்த்தே வெகுநாளாயிற்று. அதுவும் எதை உரமாக்கி! மச்சான் ஒரு பூவைக் குனிந்து மோந்து பார்த்தார். நான் அந்த அளவுக்குப் போகவில்லை.

"இவ்வளவு நல்லா இருக்கே, ஏம்மா எங்க யாருக்கும் இது தெரியல?" என்றார் மச்சான்.

"போர்டெல்லாம் வெச்சிருக்கோம் சார். யாரு நின்னு படிக்கிறாங்க? ஊர் ஊராப் போய்ச் சத்தமாச் சொல்றதுக்கு ஆளில்லை."

நான் மச்சான் முகத்தைப் பார்த்தேன். பல்ப் எரிந்தது அப்பட்டமாகத் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார்.

மறுவாரம் முதல் லோடு ஆட்டோ மறுபடி கிளம்பியது. அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போனது. இந்த முறை டவுனுக்காரன் பேச்சே இல்லை.

"அன்பார்ந்த தாய்மார்களே! தொட்டி நிறைந்துவிட்டதா? கவலை வேண்டாம்! லாரி எங்கே போகிறது என்று கேளுங்கள்! சொல்லவில்லையா? விடாதீர்கள்!"

கிணற்றுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஊராட்சியில் சொல்லி, கருவேலங் காட்டில் கிடந்ததையெல்லாம் மண்ணோடு வாரிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே ஏற்றி அனுப்பினார்கள். கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். அதுவரைக்கும் டிராக்டரில் தண்ணீர் வந்தது. குடத்தோடு வரிசையில் நின்று, சண்டை போட்டு, அலுத்துப்போய்... இந்த வாரம்தான் பரிசோதனை முடிவு வந்தது. குடிக்கலாம், ஆனால் கொஞ்ச நாளைக்குக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லியிருக்கிறார்களாம். முத்துலட்சுமியின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வழக்கம்போல வீட்டுப்பாடம் எழுதாமல் அடி வாங்குகிறாள் என்று கேள்வி. உடம்பு தேறிவிட்டதற்கு இதைவிட என்ன அத்தாட்சி?

காளியைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கணும் என்று சிலர் குதித்தார்கள். முத்துலட்சுமிதான், "அவனைப் பிடிச்சுக் குடுத்தா வேற ஒருத்தன் வருவான். இவனை நம்ம கண்ணு முன்னாடியே வெச்சுக்குவோம்" என்றாள். பெண்கள் கூடி ஊருக்கு ஒரு சட்டம் போட்டார்கள். தொட்டி எடுக்க லாரியைக் கூப்பிடுகிற வீட்டிலிருந்து ஒரு ஆள், லோடோடு கூடவே போய்விட்டு வரணும். கூலி கொஞ்சம் கூடுதலானாலும் பேசாமல் கொடுத்துவிடணும்.

ஆரம்பத்தில் முனகினார்கள். இப்போது பழகிவிட்டது. தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்கள் செப்டிக் டேங்க் லாரியில் கிளம்பிப் போகிறார்களாம். கோயில் தர்மகர்த்தா ஒருவர் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு போனதாக அக்கா சொன்னாள். காளிக்குத்தான் சங்கடம். "வண்டியில ஏறுற ஆளெல்லாம் எனக்கு ரூட்டு சொல்லுறாக. கியரு போடச் சொல்லிக் குடுக்காக. தாங்க முடியலக்கா" என்று அக்காவிடம் வந்து புலம்பினானாம்.

நான் யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டுக்குள் வருகிற எல்லாவற்றையும் எப்படி விசாரிக்கிறோம்! கத்திரிக்காயை வளைத்துப் பார்க்கிறோம். பாலை விரலில் தொட்டுப் பார்க்கிறோம். மாப்பிள்ளை வருகிறான் என்றால் அவன் மூணு தலைமுறையைக் கேட்கிறோம். ஆனால் வீட்டைவிட்டு வெளியே போவதைப் பற்றி ஒரு கேள்வி? மூச்! சாக்கடை வாசலைத் தாண்டினால் அது நகராட்சி. லாரி தெருமுனை திரும்பினால் அது கடவுள் சித்தம். 'தூரமாப் போயிருச்சு' என்று கையைக் கழுவிவிட்டு... அந்தக் கையைக் கழுவுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்பதில்லை.

தூரம் என்று ஒரு ஊரே கிடையாது. எல்லாத் தூரத்திலும் யாரோ ஒருத்தி குடத்தோடு நின்றுகொண்டிருக்கிறாள்.

போகட்டும். இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரி வந்து, "நம்ம தொட்டியும் நெறஞ்சிருச்சு, லாரிக்குச் சொல்லட்டுமா?" என்றாள். சொல்லச் சொன்னேன். நானும் கூடப் போகப் போகிறேன் என்றேன்.

மேலும் கீழும் என்னைப் பார்த்தாள். "போறதெல்லாம் சரி. அவுக உங்களையும் சேத்து அங்கனயே இறக்கிரப் போறாக... பாத்து."